செப்சிஸில் தளரும் இதயம்: ஆய்வுக்குள் யாரைச் சேர்ப்பது?

தொற்றுக்கு உடல் கட்டுப்பாடிழந்து எதிர்வினை காட்டி உறுப்புகளே செயலிழக்கும் நிலைதான் செப்சிஸ். அது வந்தவர்களில் எத்தனை பேருக்கு இதயம் பாதிக்கப்படுகிறது? கேள்வி எளிதுதான். வெளியான ஆய்வுகளைப் புரட்டினால் கிடைக்கும் விடையோ 10 சதவீதத்தில் தொடங்கி 70 சதவீதம் வரை போகிறது. ஒரே நோய், ஒரே உறுப்பு, ஏழு மடங்கு வித்தியாசம். ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ கருவிகளின் துல்லியத்தில் இருக்கும் ஏற்ற இறக்கத்தால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி வராது. ஒவ்வொரு குழுவும் வேறு வேறு நோயாளிகளைப் பார்த்திருக்கிறது. ஒரு குழு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த சில மணி நேரத்துக்குள் எக்கோ எடுத்தது. இன்னொரு குழு மூன்றாம் நாள் எடுத்தது. ஒருவர் ரத்த அழுத்தம் ஆபத்தாக வீழும் ஷாக் நிலைக்குப் போனவர்களை மட்டும் சேர்த்தார். மற்றொருவர் செப்சிஸ் என்று பதிவான எல்லோரையும் சேர்த்தார். பழைய இதய நோயாளிகளைச் சிலர் விலக்கினார்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளில் நோயாளித் தேர்வைப் பற்றிய பத்தி சிறியதாக, வறண்ட நடையில் இருக்கும். பலர் அதைத் தாண்டி நேராக முடிவுகளுக்குப் போய்விடுவார்கள். இந்தத் துறையில் மட்டுமாவது அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். முடிவில் பாதி அந்தப் பத்தியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இதற்கு மிகப் பழைய, மிக நல்ல உதாரணம் 1984-இல் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்கரெட் பார்க்கரும் சக ஆய்வாளர்களும் செப்டிக் ஷாக்கில் இருந்த 20 பேரின் இதயத்தைக் கதிரியக்கப் படமுறையில் அடுத்தடுத்துப் பதிவுசெய்தார்கள். அளந்தது முக்கியமாக இ.எஃப். எனப்படும் இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனை. அதாவது இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கை. 13 பேர் பிழைத்தார்கள், 7 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் 10 பேருக்குத் தொடக்க இ.எஃப். 40-க்குக் கீழே இருந்தது. இறந்த ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. பிழைத்தவர்களின் கீழறை விரிந்து, பத்து நாள் வாக்கில் பழைய நிலைக்குத் திரும்பியது.

இதயம் பலவீனமானவர்கள் பிழைத்தார்கள், நன்றாகத் தெரிந்தவர்கள் இறந்தார்கள் என்று இதை மேலோட்டமாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இ.எஃப். இதயத் தசையின் வலிமையை மட்டும் காட்டுவதில்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரைத் தரைமட்டத்தில் திறந்த குழாயோடு ஓடவிட்டால், பழுதான மோட்டார்கூட நீரை அள்ளிக் கொட்டும். செப்சிஸில் ரத்த நாளங்கள் தளர்ந்து எதிர்ப்பு குறையும்போது, தசை நலிந்த இதயமும் சுலபமாகக் காலியாகி 60 சதவீத இ.எஃப். காட்டும். நாளங்கள் மிகமிகத் தளர்ந்துபோனவர்கள், அதாவது சாவுக்கு அருகில் இருந்தவர்கள், இந்த அளவில் ‘நல்ல இதயம்’ உள்ளவர்களாகப் பதிவாகியிருக்கலாம். பின்னால் பல ஆய்வுகளைத் திரட்டிச் செய்த பகுப்பாய்வுகளும் இ.எஃப். ஒன்றை வைத்து யார் பிழைப்பார் என்று சொல்ல முடியாது என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தன. ஆகவே ‘இ.எஃப். 50-க்குக் கீழே உள்ள செப்சிஸ் நோயாளிகள்’ என்று ஒருவர் தேர்வு விதி எழுதும்போது, அவர் தசையையும் நாளத்தின் தளர்ச்சியையும் சேர்த்தேதான் வடிகட்டுகிறார். எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

இதயத்துக்கு வருமுன் முதல் வாசல் ஒன்று இருக்கிறது: இது செப்சிஸ்தானா?

1991-இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவர் கல்லூரியும் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கமும் கூடி ஒரு வரையறை தந்தன. உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல் அல்லது 36-க்குக் கீழ், நாடி 90-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல், வெள்ளணு 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ். இந்த நான்கில் இரண்டு இருந்து தொற்றும் இருந்தால் செப்சிஸ். கால் நூற்றாண்டு காலம் ஏராளமான ஆய்வுகள் இந்தச் சல்லடையில்தான் நோயாளிகளைச் சலித்தன. 2015-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகளை அலசியபோது, தொற்றும் உறுப்புச் செயலிழப்பும் உள்ளவர்களில் எட்டில் ஒருவருக்கு அந்த நான்கில் இரண்டு அறிகுறிகூட இல்லை என்று தெரிந்தது.

அந்த எட்டில் ஒருவர் யாராக இருக்கக்கூடும் என்று இதய ஆய்வாளர் யோசிக்க வேண்டும். நாடி வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் நாடி சட்டென்று 90-ஐத் தாண்டாது. வயதானவருக்குக் காய்ச்சல் தெரியாமலே தொற்று முற்றும். ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் அப்படித்தான். இதய நோய்க்காக ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் விதியை வைத்துக்கொண்டு இதயப் பாதிப்பை ஆராய்ந்தால், கிடைக்கும் சதவீதத்துக்கு என்ன பொருள்?

2016-இல் வந்த மூன்றாம் சர்வதேச வரையறை, தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுப்பாடிழந்த எதிர்வினையால் உயிருக்கு ஆபத்தாக உறுப்பு செயலிழப்பதே செப்சிஸ் என்றது. அளவுகோல், உறுப்புகள் எவ்வளவு செயலிழந்தன என்று எண்ணும் சோஃபா மதிப்பெண். அது 2 அல்லது அதற்கு மேல் உயர வேண்டும். போதிய திரவம் ஏற்றிய பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை 65-இல் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, திசுக்கள் திணறும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் செப்டிக் ஷாக். இந்த ஷாக் பிரிவினரின் மருத்துவமனை இறப்பு 40 சதவீதத்துக்கும் மேல்.

முந்தையதைவிட இது தெளிவான வரையறைதான். ஆனாலும் இதய ஆய்வுக்கு இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. சோஃபாவில் இதய ரத்தநாளப் பகுதிக்கு மதிப்பெண் கிடைப்பது ரத்த அழுத்தத்தையும் அதை உயர்த்தும் மருந்தின் அளவையும் வைத்து மட்டுமே. இதயத்தை யாரும் பார்ப்பதில்லை. தொற்று லேசாக இருந்து, பழைய இதய பலவீனத்தால் அழுத்தம் இறங்கியவருக்கும் அதே மதிப்பெண் விழும். இதயக் கோளாறே ஒருவரைச் செப்சிஸ் என்று முத்திரையிட, அப்புறம் செப்சிஸில் இதயக் கோளாறு எவ்வளவு என்று எண்ணினால் அது சுற்றிச் சுற்றி வரும் கணக்கு. இரண்டாவது, மதிப்பெண்ணின் ‘உயர்வு’ எங்கிருந்து கணக்கிடப்படுகிறது என்பது. முந்தைய நிலை தெரியாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். டயாலிசிஸில் இருப்பவருக்குச் சிறுநீரகப் பகுதியிலேயே மதிப்பெண் நிரம்பிவிடும். முந்தைய மருத்துவப் பதிவைத் தேடி எடுக்காத குழு, அவரைச் சாதாரணத் தொற்றோடு வந்திருந்தாலும் செப்சிஸ் என்று சேர்த்துவிடும். அவருக்கு இதயமும் நெடுநாளாகத் தடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

தொற்றே இல்லாதவர்கள் உள்ளே வருவதும் உண்டு. நெதர்லாந்தில் செப்சிஸ் என்று கருதித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த 2,579 பேரைப் பின்னோக்கிச் சரிபார்த்ததில், 13 சதவீதத்தினருக்குத் தொற்றே இருந்திருக்காது என்றும், 30 சதவீதத்தினருக்கு ‘இருந்திருக்கலாம்’ என்ற அளவுக்கு மட்டுமே சான்று உண்டு என்றும் தெரியவந்தது. இதய ஆய்வில் இதன் விளைவு கடுமையானது. பெரிய மாரடைப்பு வந்து ஷாக்கில் விழுந்தவருக்கு வெள்ளணு கூடும், லாக்டேட் ஏறும், நுரையீரலில் நீர் கோத்து எக்ஸ்ரேயில் நிமோனியா மாதிரியே தெரியும். இப்படிப்பட்ட சிலர் உள்ளே வந்துவிட்டாலே ‘செப்சிஸில் இதயப் பாதிப்பு’ என்ற எண்ணிக்கை ஊதிவிடும். சந்தேகத்தின் பேரில் உடனே சேர்த்துக்கொண்டு, சில நாள் கழித்துக் கல்ச்சர், ஸ்கேன் எல்லாம் வந்த பிறகு எக்கோ முடிவைப் பார்க்காத இருவர் தொற்றின் உறுதியைத் தரம் பிரிப்பது நல்ல வழி. கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை விலக்கக் கூடாது. முன்பே ஆன்டிபயாட்டிக் போட்டவருக்கு வளராமலே போகலாம். தொற்று இதய வால்விலேயே உட்கார்ந்திருப்பவரையும், வைரஸ் நேரடியாக இதயத் தசையைத் தாக்கியவரையும் தனியே வைக்கத்தான் வேண்டும். அவர்களின் இதயம் பழுதாகும் வழி வேறு.

அடுத்த கேள்விதான் இந்த ஆய்வுகளில் எல்லோரையும் திணறடிப்பது: பார்க்கும் பாதிப்பு புதியதா, பழையதா?

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 68 வயது, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்த வரலாறு. சிறுநீர்ப் பாதைத் தொற்று முற்றி, அழுத்தம் 84/40 என்ற நிலையில் வருகிறார். திரவம் ஏற்றி, அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் தொடங்கி, ஆறு மணி நேரம் கழித்து எடுத்த எக்கோவில் இ.எஃப். 38. பழைய எக்கோ ரிப்போர்ட் கையில் இல்லை. குடும்பத்தாரைக் கேட்டால் ‘ஸ்டென்ட் வைத்த பிறகு நன்றாகத்தான் இருந்தார்’ என்கிறார்கள். இவரைச் சேர்ப்பதா, விடுவதா?

பழைய ரிப்போர்ட் இல்லாத இடத்தில் படமே கொஞ்சம் சாட்சி சொல்லும். ஒரு பக்கச் சுவர் மட்டும் மெலிந்து, பளிச்சென்று வெளுத்து, அசையாமல் நின்றால் அது பழைய மாரடைப்பின் தழும்பு. இடது மேலறை பெரிதாகியிருந்தால் அழுத்தம் நெடுங்காலம் கூடியிருந்தது என்று ஊகிக்கலாம். ஈசிஜியில் ஆழமான க்யூ அலைகள் இருந்தால் அதுவும் பழங்கதை. மாறாக எல்லாச் சுவர்களும் ஒரே மாதிரி மந்தமாக, தடிமன் குறையாமல் அசைந்தால் செப்சிஸின் பக்கம் தட்டு இறங்கும். இவை எதுவும் தீர்ப்பாகிவிடாது. கடும் மன, உடல் அழுத்தத்தில் வரும் டக்கோட்சுபோ செப்சிஸின் நடுவிலும் வரும். அதில் இதயத்தின் நுனிப்பகுதி மட்டும் பலூன் போல விரியும்.

பல ஆய்வுகள் இந்தச் சிக்கலை ஒரே வெட்டாக வெட்டிவிடுகின்றன: இதய நோய் வரலாறு உள்ள அனைவரும் விலக்கம். மைட்டோகாண்ட்ரியா எப்படிச் சோர்கிறது, தசைக்குள் கால்சியம் கையாளப்படும் விதம் எப்படிக் கெடுகிறது, நைட்ரிக் ஆக்சைடும் அழற்சிப் புரதங்களும் என்ன செய்கின்றன என்று உள் இயக்கத்தைத் தேடுபவருக்கு இந்த வெட்டு சரி. அவருக்குக் கலப்பில்லாத குழு வேண்டும். ஆனால் எத்தனை பேருக்கு வருகிறது, வந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்பவர் இதையே செய்தால் தவறு. செப்சிஸில் வந்து படுப்பவர்களில் பெரும்பகுதி முதியவர்கள், பல நோய் உள்ளவர்கள். அவர்களை நீக்கிவிட்டு மிஞ்சும் திடகாத்திரமான சிறுபான்மையிடம் கண்டதை வார்டில் யாருக்குப் பொருத்துவது? அந்த 68 வயதுக்காரரைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. சேர்த்து, ‘முந்தைய நிலை தெரியாது’ என்ற தனி அடுக்கில் வைக்க வேண்டும். முந்தைய எக்கோ இயல்பானவர், முந்தைய எக்கோவில் குறை இருந்தவர், முந்தையது தெரியாதவர் என்று மூன்று அடுக்காகப் பிரித்து முடிவுகளை வெளியிட்டால், வாசிக்கும் மருத்துவர் தன் நோயாளி எந்த அடுக்கு என்று பார்த்துக்கொள்வார்.

பாதிப்பு என்று எதைச் சொல்வது என்பதிலும் ஒருமித்த வரையறை இல்லை. இ.எஃப். 50, 45, 40 என்று ஆளுக்கொரு கோடு. சுருங்கும் திறன் சரியாக இருந்தும் தளர்ந்து விரியும் திறன் கெட்டவர்கள் உண்டு. கியோரா லேண்டஸ்பர்க் குழு 2012-இல் 262 நோயாளிகளிடம் காட்டியபடி, இறப்போடு கூடுதலாகத் தொடர்புள்ளது இந்த விரியும் கோளாறுதான். வலது கீழறை தனியாகத் தளர்வதும் உண்டு, குறிப்பாக நுரையீரல் கெட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு. தசை நார்கள் நீளவாக்கில் எவ்வளவு குறுகுகின்றன என்று அளக்கும் ஸ்ட்ரெயின் முறை, இ.எஃப். இயல்பாகத் தெரிபவரிடமும் குறையைப் பிடிக்கிறது. இதயப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ட்ரோபோனினையோ பிஎன்பி-யையோ நுழைவு விதியாக வைக்கும் யோசனையைச் சுருக்கமாகத் தள்ளிவிடலாம்: தீவிர செப்சிஸில் ட்ரோபோனின் ஏராளமானோருக்கு உயர்கிறது, பிஎன்பி-யோ சிறுநீரகம் கெட்டாலே ஏறும்.

கோடு எங்கே என்பதைவிட, எப்போது அளந்தார்கள் என்பது பெரிய விஷயம். பிரான்சில் அந்துவான் வியேயார்-பரோன் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. செப்டிக் ஷாக்கில் இருந்த, முன்பு இதய நோய் இல்லாத 67 பேரைத் தினமும் எக்கோவில் பார்த்தார்கள். சேர்ந்த நேரத்தில் 39 சதவீதத்தினருக்கு இடது கீழறை முழுக்க மந்தமாக இருந்தது. ஓரிரு நாள் நார்அட்ரினலின் ஓடிய பிறகு மேலும் 21 சதவீதத்தினருக்கு அது வெளிப்பட்டது. மொத்தம் 60. முதல் நாள் மட்டும் பார்த்திருந்தால் அந்த 21 சதவீதத்தினர் ‘இதயம் பாதிக்காத’ ஒப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்திருப்பார்கள். குழுக்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தையே மழுக்கியிருப்பார்கள்.

படுக்கையருகே இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சராசரி அழுத்தம் 50 இருக்கும்போது எடுத்த எக்கோவில் இ.எஃப். 58. மருந்து ஏறி அழுத்தம் 75-க்கு வந்த பின், அதே ஆளுக்கு 40. தசை இந்த இடைவெளியில் புதிதாகக் கெட்டிருக்கலாம். அல்லது நாளத்தின் எதிர்ப்பு திரும்பியதால் முன்பே இருந்த பலவீனம் வெளியே வந்திருக்கலாம். அதன் பிறகு இதயச் சுருக்கத்தைத் தூண்டும் டோபுட்டமின் தொடங்கினால் எண் மறுபடி உயரும். எனவே எக்கோ எடுத்த நிமிடத்தில் அழுத்தம் எவ்வளவு, எந்த மருந்து எந்த அளவில் ஓடியது, எத்தனை லிட்டர் திரவம் ஏறியிருந்தது, வென்டிலேட்டரில் பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலில் நிறுத்தப்படும் அழுத்தம்) எவ்வளவு என்ற நான்கும் பதிவாகாத இ.எஃப்.-ஐ வைத்து யாரையும் குழு பிரிக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதிவுசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகாத தகவல் இது. பின்னால் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

எக்கோ எடுப்பதே எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல. வென்டிலேட்டரில் இருப்பவரை இடப்பக்கம் முழுதாகத் திருப்ப முடியாது. உப்பிய நுரையீரல் இதயத்தின் முன்னால் வந்து மறைக்கும். ஒலி அலை காற்றைத் தாண்டாது. நெஞ்சில் கட்டு, குழாய், ஒட்டு எல்லாம் இருக்கும். நாடி 130-இல் ஓடும்போது விரியும் திறனை அளக்கும் இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். படம் தெளிவில்லை என்று கழிக்கப்படுபவர்கள் யார்? உடல் பருமன் உள்ளவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், அதிக பீப் தேவைப்படுபவர்கள். அதாவது நிலைமை மிக மோசமாக இருப்பவர்கள். ஸ்ட்ரெயின் முறைக்கு இன்னும் நல்ல படம் வேண்டும் என்பதால், நுட்பம் உயர உயர நோயாளிக் குழு ஆரோக்கியமானவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ இந்த இழப்பைக் குறைக்கும். செய்யத் தெரிந்த கை எல்லா நேரமும் இருக்காது. இரவிலும் விடுமுறை நாளிலும் எக்கோ எடுக்க ஆள் இல்லாத ஆய்வு, பகலில் வந்தவர்களின் ஆய்வாக மாறிவிடும்.

ஒப்புதல் வாங்குவதும் தேர்வைப் பாதிக்கிறது. நோயாளி நினைவில்லாமல் இருப்பார், முதல் ஆறு மணி நேரம் முக்கியம், குடும்பத்தார் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். எழுத்து ஒப்புதல் கிடைக்கும் வரை காத்திருந்தால் அதற்குள் இறந்தவர்கள் ஆய்விலிருந்தே மறைந்துபோகிறார்கள். நெறிக்குழு அனுமதித்த இடங்களில், ஆபத்தில்லாத எக்கோ மாதிரி பரிசோதனையை முதலில் செய்துவிட்டுப் பிறகு குடும்பத்தாரிடமோ தேறிய நோயாளியிடமோ ஒப்புதல் கேட்கும் முறை இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது.

மரணம் இன்னொரு வழியிலும் குறுக்கிடுகிறது. செப்சிஸ் இதயப் பாதிப்பின் இலக்கணமே அது மீளக்கூடியது என்பது. ஏழு முதல் பத்து நாளில் இயல்புக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஆய்வு இந்த மீட்சியையே சேர்க்கை விதியாக வைத்தால் என்ன ஆகும்? மீட்சியைக் காட்ட ஒருவர் பத்து நாள் உயிரோடு இருக்க வேண்டும். நான்காம் நாள் இறந்தவருக்கு இரண்டாவது எக்கோ இல்லை, ஆகவே அவருக்கு நோயே இல்லை என்று கணக்கு முடிகிறது. இப்படித் தேர்ந்தெடுத்த குழுவில் இதயப் பாதிப்புள்ளவர்கள் நன்றாகப் பிழைப்பதாகத்தான் தெரியும். அந்தப் பிழைப்பை நாமே முன்கூட்டி உள்ளே எழுதிவைத்திருக்கிறோம். மீட்சியைப் பின்தொடர் அளவீடாக வையுங்கள். சேர்க்கை விதியில் அதற்கு இடமில்லை.

மருத்துவமனைக் கணினிப் பதிவுகளைப் பின்னோக்கித் தோண்டும் ஆய்வுகள் இப்போது பெருகிவிட்டன. பாஸ்டனின் ஒரு மருத்துவமனையிலிருந்து உருவான மிமிக் தரவுத்தளம் யார் வேண்டுமானாலும் அனுமதி பெற்றுப் பயன்படுத்தக்கூடியது. ஆயிரக்கணக்கான செப்சிஸ் நோயாளிகள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். அங்கே எக்கோ எடுக்கப்பட்டவர்கள் மருத்துவர் ஏதோ சந்தேகப்பட்டவர்கள். எக்கோ எடுக்கப்படாதவரின் இதயம் நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் இந்தச் சாய்வு கரையாது.

சிகிச்சைப் பரிசோதனைகளுக்கு வந்தால் தேர்வின் விலை இன்னும் கூடுகிறது. லெவோசிமெண்டான் இதயச் சுருக்கத்தை வலுப்படுத்தும் மருந்து. 2016-இல் பிரிட்டனில் முடிந்த லியோபார்ட்ஸ் பரிசோதனையில் 516 பேர் சேர்க்கப்பட்டார்கள். தேர்வு விதி செப்டிக் ஷாக். இதயம் பலவீனமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உறுப்புச் செயலிழப்பு குறையவில்லை, வென்டிலேட்டரிலிருந்து மீள்வது தாமதமானது, இதயத் தாளக் கோளாறு கூடியது. ஷாக் வந்த எல்லோருக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்பதை இந்த ஆய்வு உறுதியாக்கியது. இதயம் தளர்ந்தவருக்கு உதவுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பீட்டா பிளாக்கர் பரிசோதனைகள் இன்னும் பாடம் நிறைந்தவை. 2013-இல் ரோமில் ஒரே மையத்தில் 154 பேரிடம் எஸ்மோலால் சோதிக்கப்பட்டது. 24 மணி நேர சிகிச்சைக்குப் பிறகும் நாடி 95-க்குக் குறையாமல், நார்அட்ரினலின் அதிகம் தேவைப்படுபவர்களே வாசலைக் கடந்தார்கள். 28 நாள் இறப்பு மருந்துக் குழுவில் 49.4 சதவீதம், மற்றதில் 80.5. பத்தாண்டு கழித்து பிரிட்டனில் ஸ்ட்ரெஸ்-எல் பரிசோதனை அதே வகை மருந்தான லாண்டியோலாலை எடுத்தது. நாடி விதி அதே 95, காத்திருக்கும் நேரம் அதே 24 மணி. தீங்கு நேரலாம் என்ற அறிகுறி தெரிந்ததால் 126 பேரோடு நிறுத்தப்பட்டது. இறப்பு மருந்துக் குழுவில் 37.1, மற்றதில் 25.4. இரண்டு ஆய்விலும் மருந்து பெறாத குழுக்களை மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஒன்றில் 80.5, மற்றதில் 25.4. தாளில் ஏறக்குறைய ஒரே வாசல். உள்ளே வந்தவர்கள் முற்றிலும் வேறு. நாடி வேகமாவதற்கு அட்ரினலின் மிகுதி காரணமாக இருக்கலாம். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைந்து, அதை ஈடுகட்ட இதயம் ஓடிக்கொண்டும் இருக்கலாம். இரண்டாமவரின் நாடியைக் குறைப்பது அவருக்கு இருந்த ஒரே பிடிமானத்தைப் பறிப்பது. 95 என்ற எண்ணுக்கு இந்த இருவரையும் பிரிக்கத் தெரியாது.

எதிர்முனையில், மிகக் குறுகிய வாசலை வைத்த ஆய்வு 2020-இல் வந்தது. செப்சிஸால் இதயமே நின்றுபோகும் நிலைக்கு வந்தவர்களுக்கு இதயத்தின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ கருவி பொருத்தியதை நிகோலா பிரெஷோவும் சகாக்களும் அலசினார்கள். எக்மோ பெற்ற 82 பேரின் சராசரி இ.எஃப். வெறும் 17. மூன்று மாதத்தில் 60 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். எக்மோ இல்லாத 130 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவில் 25 சதவீதம். நம்பிக்கை தரும் எண்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் இல்லை என்பதால் எச்சரிக்கையும் தேவை: எக்மோவுக்குத் தகுதியானவர் என்று ஒரு மருத்துவர் தீர்மானிப்பதிலேயே ‘இவர் தேறுவார்’ என்ற கணிப்பு கலந்திருக்கும்.

இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் வழி காட்டியது கியோம் ஜெரி குழுவின் 2019 ஆய்வு. செப்டிக் ஷாக் நோயாளிகள் 360 பேரின் எக்கோ அளவுகளைக் கணினியில் தொகுத்தபோது ஐந்து கூட்டங்கள் தனித்தனியே பிரிந்தன: திரவம் போதுமான அளவு ஏறி இதயமும் சரியாக இருப்பவர்கள், இடது கீழறை தளர்ந்தவர்கள், இதயம் மிகைத் துடிப்பில் இருப்பவர்கள், வலது கீழறை தளர்ந்தவர்கள், இன்னும் திரவம் போதாதவர்கள். வார்டில் இந்த ஐவருக்கும் எழுதப்படுவது ஒரே ‘செப்டிக் ஷாக்’. மருந்துப் பரிசோதனையில் ஐவரையும் ஒன்றாகக் கொட்டினால், ஒரு கூட்டத்துக்குக் கிடைத்த நன்மையை இன்னொரு கூட்டத்துக்கு நேர்ந்த தீமை அழித்துவிடும்.

குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து ஒரே விதியில் எடுக்கக் கூடாது. குளிர்ந்த கைகாலோடு, இதய வெளியேற்றம் குறைந்து வரும் ஷாக் அவர்களிடம் கூடுதல். 2024 தொடக்கத்தில் வெளியான ஃபீனிக்ஸ் அளவுகோல் அவர்களுக்கென்றே தனியாக உண்டு.

நானே ஒரு விதிமுறை எழுதுவதாக இருந்தால் வாசலை அகலமாகவே வைப்பேன்: தொற்று என்று சந்தேகம், சோஃபா 2 உயர்வு, முந்தைய நிலை தேடிப் பதிவுசெய்தது, 18 வயது நிறைந்தவர்கள், வால்வுத் தொற்றும் கடும் மாரடைப்பும் தவிர வேறு இதய விலக்கு இல்லை. முதல் எக்கோ 12 மணி நேரத்துக்குள், அடுத்தது 48 முதல் 72 மணிக்குள், மூன்றாவது பத்தாம் நாளில், எல்லோருக்கும், மருத்துவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். படங்களைப் படிப்பவருக்கு நோயாளியின் கதை தெரியக் கூடாது. பாதிப்பு உண்டு, இல்லை என்று பிரிப்பது முதலிரண்டு எக்கோவும் முடிந்த பிறகு. அதற்குள் இறந்தவர்கள் தனிக் குழுவாக எண்ணப்படுவார்கள். செப்சிஸ் இல்லாமல் அதே அளவு நோய்த் தீவிரத்தோடு வென்டிலேட்டரில் இருப்பவர்களிடமும் அதே அட்டவணையில் எக்கோ எடுப்பேன். இல்லாவிட்டால் தொற்று செய்ததையும் வென்டிலேட்டரும் மருந்தும் செய்ததையும் பிரிக்க வழியில்லை. தகுதி இருந்தும் சேர்க்க முடியாதவர்களின் பதிவேட்டில் காரணம், வயது, சோஃபா, மருந்தின் அளவு, இறந்தாரா பிழைத்தாரா என்ற ஐந்து கட்டங்கள் இருக்கும். எக்கோ எடுத்தும் படம் தெளியாதவர்களின் இறப்பு விகிதம், முதன்மை முடிவுகள் வரும் அதே அட்டவணையில் தனி வரிசையாக அச்சாகும்.